ஏழாம் குழி

பயத்துக்குக் கையும் காலும் முளைத்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், செல்லக்காவைக் காட்டிவிடலாம். இதைக் கேட்டு அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். "ஆமா, பயந்தவதான். அதுக்கென்ன இப்போ?" என்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்கத் திரும்பி வருகிறவள். கேஸ் அடுப்பின் திருகை மூன்று முறை தொட்டுப் பார்க்காமல் படுக்கமாட்டாள். லிஃப்ட் என்றால் கேட்கவே வேண்டாம், ஏறியதே கிடையாது. கட்டிக்கொண்டது மட்டும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. அதை யார் தலையெழுத்து என்று சொல்வது, அவளுடையதா அவருடையதா?

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பழைய லேப்டாப் பேட்டரிகளை வாங்கிப் பிரித்து, உள்ளே இருக்கும் விரல் தடிமன் செல்களைச் சோதித்து, டார்ச் விளக்குகளுக்குப் போட்டு விற்கிறாள் என்பதால் தெருவில் யாரோ ஒருவர் செல்லக்கா என்று கூப்பிட்டார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. புதிதாக வருகிறவர்கள் யாரோ செல்லம் கொடுத்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்துவதில்லை.

தொடைநடுங்கிக்கு இந்தத் தொழில் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. லித்தியம் செல் என்ன வாழைப்பழமா? கோபம் வந்தால் தீயைக் கக்கும். ஆனால் அவள் இதற்குள் வந்ததும் ஒரு பயத்தால்தான். கல்யாணமான இரண்டாம் வருஷம், மெக்கானிக்கின் நெற்றி விளக்கு வேலை நடுவில் செத்துப்போய், லிஃப்ட் ஓடும் கிணறு மாதிரியான அந்தக் குழாய்க்குள் ஆறு மாடி இறக்கத்தைக் கம்பி ஏணியில் தடவித் தடவி இறங்கி வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கை போலச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் அந்த விளக்கைப் பிரித்துப் பார்த்தவள்தான். ஐந்து வருஷத்தில் ஊரில் பாதி வாட்ச்மேன்கள் அவள் கட்டிய டார்ச்சைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

செல் வாங்கப் போகிற இடம் பழைய சாமான் கடை. உடைந்த கம்ப்யூட்டர்களும் ஒயர்க் குப்பைகளும் கூரை வரை குவிந்திருக்கும். கடைக்காரர் பேட்டரிகளை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி வைத்திருப்பார். மற்றவர்கள் எடை போட்டு அள்ளிக்கொண்டு போவார்கள். இவள் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோவாள். உள்ளே கசிந்திருந்தால் நகப்பூச்சு அழிக்கிற திரவம் போல ஒரு தித்திப்பு வாடை வரும். அடி வாங்கியது, துரு ஏறியது, வாடை அடிப்பது எல்லாம் மறுபடி தொட்டிக்கே போகும்.

"அக்கா, மோந்து பார்க்கிறதோட நிறுத்திக்குங்க. கடிச்சுப் பார்த்துடாதீங்க" என்பார் கடைக்காரர்.

"உங்களுக்கென்ன, வித்துட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. நான்ல அதோட குடும்பம் நடத்தணும்" என்பாள்.

வீட்டின் பின்னறையில்தான் அந்தக் குடும்பம். பேட்டரியின் உறையை இரும்பால் நெம்பமாட்டாள், பிளாஸ்டிக் தகட்டால்தான். செல்களைப் பிரித்து, மீட்டரில் அளந்து, ஒரேயடியாகச் செத்ததை மணல் நிரப்பிய தகர டப்பாவில் புதைப்பாள். மிச்சத்தைத் தரையோட்டின் மேல் வைத்துச் சார்ஜ் ஏற்றுவாள். ஏற்றும்போது பக்கத்தை விட்டு நகரமாட்டாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை புறங்கையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பாள். காய்ச்சல் குழந்தையின் நெற்றியை இப்படித்தான் தொடுவார்கள். சுட்டால் அந்த நிமிஷமே மணலுக்கு. வயிறு நிறைந்த நல்ல செல் நாலே கால் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். அதைப் பதினாலு நாள் சும்மா நிற்க வைப்பாள். பதினைந்தாம் நாளும் கிட்டத்தட்ட அதே அளவு காட்டினால் அது நம்பக்கூடியது. யாரும் தொடாமலே இறங்கியிருந்தால் உள்ளே ஏதோ ஓட்டை. அதற்கு மறுபடி சார்ஜ் ஏற்றினால் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

முதலில் செல்லின் மேலேயே பேனாவால் எண் எழுதி வந்தாள். அப்படி எழுதியதைப் பார்த்தவர்கள் "என்னக்கா, பழசா?" என்று முகத்தைச் சுளித்தார்கள். அதனால் புது உறை போட்டு, எழுதுவதை விட்டாள். மெக்கானிக் ஒரு மரப்பலகையில் ஆறு ஆறாக ஐந்து வரிசை, முப்பது குழிகள் துளைத்துக் கொடுத்தார். இடது கை ஓரத்தில் மேலே இருப்பது ஒன்று. வலது கை ஓரத்தில் கீழே இருப்பது முப்பது. எந்தக் குழியோ அதுதான் செல்லின் எண். பலகை எப்போதும் ஜன்னலடித் திண்டில் ஒரே மாதிரி இருக்கும், நோட்டு அதன் பக்கத்தில் இருக்கும். அன்றிலிருந்து ஒரு பிசகும் வந்ததில்லை.

அந்தத் தடவை பதினைந்தாம் நாள், சாயங்காலம் முப்பதையும் அளந்தாள். இருபத்தெட்டு செல்கள் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தன. இருபத்துமூன்றாவது மூன்றரைக்கு இறங்கியிருந்தது. இருபத்துநாலாவது அதற்கும் கீழே, மூன்றே வோல்ட்டில் வந்து நின்றது. அதைப் பற்றி நோட்டில் ஏற்கெனவே ஒரு குறிப்பு இருந்தது: 'சார்ஜில் இளஞ்சூடு. பார்க்கலாம்.' சுட்டது என்று தூக்கிப்போடவும் மனசில்லாமல், சுடவில்லை என்று நம்பவும் முடியாமல் எழுதியது. இரண்டையும் சிவப்பில் சுழித்தாள். எடுத்து மணலில் போடக் கையை நீட்டிய நேரம், சடசடவென்று மழை. ஜன்னல் வழியாகச் சாரல் நேராகப் பலகை மேல் அடித்தது.

மழைத் தண்ணீரும் சார்ஜ் ஏற்றிய முப்பது செல்லும்! ஐயோ என்று பலகையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். ஒவ்வொரு செல்லையும் துணியால் ஒற்றி எடுத்து அதனதன் குழியில் நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தி, திண்டைத் துடைத்து, பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். தலைமாடு கால்மாடு மாறிவிட்டது. முன்னறையில் அது மறுபக்கமாகத் திரும்பியதை அவள் பார்க்கவில்லை. எல்லாக் குழியும் ஒரே மாதிரி, எல்லா உறையும் ஒரே நீலம். நோட்டைப் பார்த்து, இருபத்துமூன்றாம் குழியிலும் இருபத்துநாலாம் குழியிலும் இருந்ததை எடுத்து மணலில் புதைத்தாள். அப்பாடா என்று கையைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மெக்கானிக் செருப்பு மாட்டிக்கொண்டே நெற்றி விளக்கை நீட்டினார். "இதுல செல்லு வீக்காயிடுச்சு போல. வேற ஒண்ணு போட்டுக் குடு."

நோட்டைப் பார்த்தாள். முப்பதிலும் உசத்தி ஏழாவது. அவருக்கென்றால் உசத்தியானதைத்தானே போடுவாள். ஏழாம் குழியிலிருந்து எடுத்து, பழக்க தோஷத்தில் மீட்டரைத் தேடினாள்.

"நேத்து சாயங்காலம்தானே உட்கார்ந்து எல்லாத்தையும் அளந்தே? அதுக்குள்ள அதுக்கு என்ன ஆயிடப் போகுது? பஸ்ஸு போயிடும்மா."

வாஸ்தவம்தானே. தலைப்பட்டைக்குப் பின்பக்கம் இருக்கும் சின்னப் பெட்டியில், பிடரிக்கு நேராக, செல்லைப் போட்டு மூடினாள். எரிந்தது. அணைத்துக் கொடுத்தாள். அவர் போனார்.

பதினோரு மணி வாக்கில் ஒரு டார்ச் கட்டுவதற்காக எட்டாம் குழியிலிருந்து எடுத்து மீட்டரில் வைத்தாள். மூன்றரை காட்டியது. நோட்டில் எட்டாவதற்கு நாலே காலுக்குச் சற்றுக் கீழே என்று எழுதியிருந்தது. மீட்டர்தான் கெட்டுப்போச்சோ என்று அதைத் தட்டினாள். மறுபடியும் மூன்றரை. இருபத்துமூன்றாவதுதானே மூன்றரை? அதை நேற்றே புதைத்தாயிற்றே!

மணல் டப்பாவைக் கவிழ்த்தாள். நேற்றுப் புதைத்த இரண்டும் உருண்டு வந்தன. அளந்தாள். இரண்டும் முழு வயிறு. தங்கமான செல்கள். நல்லதைப் புதைத்திருக்கிறாள்.

பலகையைப் பார்த்தாள். மெதுவாக அதை மறுபக்கமாகத் திருப்பினாள். எட்டாம் குழி இருந்த இடத்துக்கு இருபத்துமூன்றாம் குழி வந்தது. காலியாக இருந்த ஏழாம் குழி இருபத்துநாலாம் இடத்தில் போய் நின்றது.

நோட்டை எடுத்து இருபத்துநாலாவதைப் பார்த்தாள். 'சார்ஜில் இளஞ்சூடு. பார்க்கலாம்.' அதை அவர் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறாள்.

சும்மா எரிந்தால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் மூன்று வோல்ட்டில் எவ்வளவு நேரம் எரியும்? ஒரு மணி நேரத்தில் மங்கும். மங்கினால் அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியாதா? சாப்பாட்டு வேளையில் மோட்டார் அறையில் சார்ஜில் போடுவார். அந்த விளக்கின் சார்ஜரோ கண்மண் தெரியாமல் ஏற்றுகிற ரகம். ஏற்றிவிட்டுச் சாப்பிட்டு, மறுபடி எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, பாதாளத்துக்கு மேலே போய் நிற்பார்.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது. மறுபடி போட்டாள், அதே பல்லவி. கம்பெனி ஆபீசுக்குப் போட்டாள். ஒரு பெண் எடுத்தது.

"அம்மா, அவரு தலையில மாட்டற லைட்டைச் சார்ஜ்ல போட வேண்டாம்னு உடனே சொல்லணும். வெடிச்சுடும்."

"சரிங்க மேடம். எழுதிக்கிட்டேன். சாயங்காலம் கையெழுத்துப் போட வருவார்ல, அப்போ கண்டிப்பா சொல்லிடறேன்."

"சாயங்காலமா? உன் வாயில..." அந்த வாக்கியத்தை முடிக்க நேரமில்லை. சமையலறை இடுக்கியையும் ஒரு நல்ல டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். கதவைப் பூட்டினாளா என்றுகூட நினைவில்லை. தெருமுனையில் திரும்பியும் பார்க்கவில்லை.

பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு சிக்னலும் அவளுக்காகவே சிவப்பாக நின்றது. அவர் பிடரி கண்முன் வந்துகொண்டே இருந்தது. முடி குட்டையாக வெட்டியிருக்கும், நடுவில் ஒரு சுழி. அதன் மேல்தான் அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கும். பக்கத்து சீட்டு அம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்காம்மா? யாருக்கு முடியல?" என்றாள். இவள் தலையை மட்டும் ஆட்டினாள். சாமி, இன்னைக்கு அவருக்குப் பசிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பெண்டாட்டி வேண்டிக்கொள்கிற வேண்டுதலா இது?

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலை ஒரு பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடத்தில். வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். அவர் கையிலும் அவள் கட்டிய டார்ச்.

"அட, செல்லக்கா! சாரைப் பார்க்கவா? ஒன்பதாவது மாடியில இருக்காரு."

"சாப்பிட்டாச்சா அவரு?"

"இன்னைக்குச் சீக்கிரமே முடிச்சுட்டாரு. லைட்டு மங்குதுன்னு மேல சார்ஜ் போட்டுட்டு உட்கார்ந்தாரு. முக்கால் மணி நேரம் போட்டிருப்பாரு. இப்பத்தான் மறுபடி உள்ள இறங்கினாரு."

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். ஒன்பது மாடி. பக்கத்தில் இன்னொரு லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒரு கணம்தான். உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டு, "ஒன்பதை அமுக்குங்க" என்றாள். வாட்ச்மேன் அமுக்கிவிட்டு வெளியே வந்தார். கதவு மூடியது. தரை அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. அந்த நிமிஷம் அவளுக்கு லிஃப்டைப் பற்றிப் பயமே வரவில்லை. பயப்பட மிச்சம் எங்கே இருந்தது?

ஒன்பதாம் மாடியில் பழுது பார்க்கிற லிஃப்டின் கதவு திறந்து கிடந்தது. குறுக்கே மஞ்சள் தடுப்பு. அதற்கு அப்பால் கும்மிருட்டு. இடுப்பளவு பள்ளத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் மெக்கானிக் முதுகைக் காட்டி நின்று ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். கூரை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நழுவுகிற அளவு இடைவெளி. நெற்றி விளக்கு பளிச்சென்று எரிந்தது. பின்னால், பிடரியில், அந்தக் கறுப்புப் பெட்டி.

வாய் வரை வந்த அலறலை விழுங்கினாள். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவார், கால் பிசகும். தன் வாழ்நாளில் அத்தனை பயத்தை வைத்துக்கொண்டு அத்தனை சாதாரணமாக அவள் பேசியதே இல்லை.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

அவர் மெதுவாகத் திரும்பினார். வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. "நீயா? நீ எப்படி இங்க? வீட்டுல ஏதாவது..."

"வீட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் ஒண்ணு சொல்றேன், பதறாமக் கேளுங்க." டார்ச்சை எடுத்து அவர் காலடியில் அடித்தாள். "என் வெளிச்சம் தெரியுதா? கால் வைக்கிற இடம் தெரியுதா?"

"தெரியுது. எதுக்கு?"

"உங்க விளக்கை அணைச்சுக் கழட்டுங்க. பின்னால இருக்கிற பெட்டியைத் தொடாதீங்க. நெத்திப் பட்டையைப் பிடிச்சு என்கிட்ட நீட்டுங்க."

"வந்ததும் வராததுமா என்னம்மா இது, இந்த ஒரு போல்ட்டை..."

"கழட்டுங்கன்னா கழட்டுங்க!" குரல் அதற்கு மேல் அடங்கவில்லை.

அவர் கழற்றினார். இருட்டில் அவள் டார்ச் வெளிச்சம் மட்டும் அவர் காலடியில் நின்றது. நீட்டிய விளக்கை இடுக்கியால் பிடித்தாள். பெட்டியின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் குழைந்திருந்தது. தித்திப்பு வாடை அடித்தது. டார்ச்சைத் தரையில் அவர் பக்கமாக வைத்துவிட்டு ஓடினாள். படிக்கட்டுத் திருப்பத்தில் சிவப்புத் தீ வாளி, பாதி மணல், பாதி சிகரெட் துண்டு. விளக்கை அதில் அழுத்தி, இரண்டு கையாலும் மணலை வாரி மேலே போட்டுவிட்டுப் பின்வாங்கினாள்.

எண்ணி இருபது விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மணல் சீறியது. வெள்ளைப் புகை குபுக்கென்று எழுந்தது. நடுவில் வெளுத்த நெருப்பு ஒரு முழ உயரம் பீய்ச்சி அடித்தது. வாளியின் பெயிண்ட் கொப்புளித்தது. மூக்கையும் கண்ணையும் எரித்த புகையில் அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

மெக்கானிக் மேலே ஏறி வந்து அவள் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகப் போய்ப் பிடரியைத் தடவியது. அவள் அவர் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சுழிக்கு மேலே, பெட்டி இருந்த இடத்தில், தோல் சிவந்து பளபளவென்று இருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் ஆகியிருந்தால்? அதற்கு மேல் நினைக்க அவளால் முடியவில்லை.

"தப்பு என்னுதுங்க. மழையில பலகையைத் திருப்பி வெச்சுட்டேன். கெட்டதைத் தூக்கி உங்களுக்குப் போட்டுட்டேன்." அந்தச் சிவப்பின் மேல் வாயால் ஊதினாள். "ஆனா இப்படிச் சிவந்து போயிருக்கே, சுட்டது தெரியலையா உங்களுக்கு? தோலா, தகரமா?"

"தெரிஞ்சுது."

"எப்போ?"

"சார்ஜுல இருந்து எடுக்கும்போதே சூடாத்தான் இருந்துது. மாட்டினப்புறம் இன்னும் கொஞ்சம் ஏறுச்சு."

"அப்புறம் ஏன் கழட்டல? வேற யாரோட சாமானா இருந்தாலும் தூக்கி எறிஞ்சிருப்பீங்கல்ல?"

"எறிஞ்சிருப்பேன்." அவர் அவளைப் பார்த்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள் என்பது போல இல்லை, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலத்தான். "நீ பார்த்துப் போட்டதாச்சே. நீ விட்டிருக்கேன்னா இந்தச் சூடு சாதாரணச் சூடுதான், நமக்குத்தான் தெரியலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு இன்னோர் அடி. மூன்றாவதற்குக் கை எழவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து, அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கட்டடமே கேட்கிற மாதிரி அழ ஆரம்பித்தாள்.